ஜேபஸ் கொடுத்த ஓட்டு

தந்தி வந்தபோது ஏமஸ் விட்டேக்கர் தன் லண்டன் வாடகை அறையில் ஆறிப்போன ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மணி பத்தரை. வீட்டுக்காரி கதவிடுக்கு வழியாக நீட்டிய காகிதத்தை வெண்ணெய்க் கையோடே வாங்கிப் பிரித்தார்.

'ஆபரேஷன் இன்று மாலை ஆறரைக்கு. அடுத்த வாரம்வரை பொறுக்க முடியாது என்கிறார் டாக்டர். மனைவி தங்களைக் கேட்கிறார்.' மான்செஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் அடித்திருந்தது.

தெர்சாவின் வயிற்றில் கட்டி இருப்பது கிறிஸ்துமஸுக்கு முன்பே தெரியும். முப்பது வருஷம் முன்னால் அவள் அம்மா இதே போல ஒரு மேசையில் ஏறிப் படுத்து, தெரிந்த முகம் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லாமல், எழுந்திருக்காமலே போய்விட்டாள். அதனால் தெர்சா புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "மயக்க மருந்து குடுக்கிறப்போ நீ என் கண்ணுக்குத் தெரியற இடத்துல நிக்கணும். எழுந்திரிக்கிறது என் பாடு."

யூஸ்டன் நிலையத்தில் இரண்டு மணிக்கு ஒரு ரயில். அதைப் பிடித்தால் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி. அதை விட்டால் அடுத்தது போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், நல்லதாகவோ கெட்டதாகவோ.

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பான். ஏமஸ் எம்.பி. அதிலும் யாருக்கும் ஆகாத எம்.பி. அந்த வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஐந்து வருஷத்துக்கு முன், 1931-ல், தொழிற்கட்சி அரசாங்கம் உடைந்தது. பிரதமர் தன் கட்சியை விட்டுவிட்டு, எதிரணியிலிருந்த கன்சர்வேடிவ்களையும் லிபரல்களையும் சேர்த்துக்கொண்டு 'தேசிய அரசாங்கம்' என்று பெயர் வைத்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். கட்சி மொத்தமும் அதைத் துரோகம் என்றது. கூடப் போனவர்கள் கைவிரலில் அடங்குகிற சிலர். அவர்களில் ஏமஸ் ஒருவர். நாட்டுக்கு நெருக்கடி, ஆறு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும் என்று சொன்னார்கள், இவரும் நம்பினார். அந்த ஆறு வாரம்தான் ஐந்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பிரதமரே மாறிவிட்டார். ஏமஸ் மட்டும் கன்சர்வேடிவ் பிரபுக்களின் முதுகுக்குப் பின்னால், முன்னாள் நெசவுத் தொழிலாளியின் தடித்த கோட்டோடு, கல்யாண வீட்டில் வழி தவறி வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பதினொன்றரைக்கு அவர் அரசாங்கக் கொறடாவின் அறைக்குப் போய் நின்றார். கேப்டன் பெவரில் தந்தியைப் படித்தார். நல்ல மனிதர்தான். அவருடைய மரியாதை சுத்தமாக இஸ்திரி போட்டிருக்கும், ஒரு சுருக்கம் கண்டுபிடிக்க முடியாது.

"ரொம்ப வருத்தமா இருக்கு மிஸ்டர் விட்டேக்கர். ஆனா இன்னிக்கு ஏழரைக்கு வாக்கெடுப்பு இருக்கே."

"தெரியும் கேப்டன்."

"நம்ம ஆளுங்க நாப்பது பேரு காய்ச்சல்ல படுத்திருக்காங்க. இன்னும் கொஞ்சம் பேரு இந்த விஷயத்துல முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் தலைமறைவா இருக்காங்க. எதிர்க்கட்சிக்காரங்க ஏதோ திட்டம் போடறாங்கன்னு மூக்குல வேர்க்குது எனக்கு. ஒவ்வொரு தலையும் வேணும். ஒரு ஜோடி பிடிச்சுட்டு வாங்க. அந்த நிமிஷமே டாக்ஸி வச்சுத் தரேன்."

"பிடிக்க முடியலேன்னா?"

கேப்டன் ஜன்னலைப் பார்த்தார். "உங்க தொகுதியில நாங்க ஆள் நிறுத்தாம விட்டுக் குடுக்கறோம். அடுத்த தேர்தல்ல அதையே மேலிடத்துல நான் எப்படிக் கேட்கிறது? நீங்களே சொல்லுங்க."

இதற்குமேல் மரியாதையாக ஒரு மனிதனின் கழுத்தில் கை வைக்க முடியாது. அந்த சீட்டு போனால் ஏமஸுக்கு வேறு பிழைப்பு இல்லை. சங்கம் அவர் பெயரை அடித்துவிட்டது, எந்த மில்லும் ஐம்பத்தெட்டு வயதுக்காரரைத் தறிக்கு எடுக்காது.

ஜோடி என்பது அந்தச் சபையின் பழைய பழக்கம். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வெளியே போக வேண்டுமென்றால் எதிர்க்கட்சியில் ஒருவரைப் பிடித்து, நானும் ஓட்டுப் போடவில்லை, நீங்களும் போடாதீர்கள் என்று பேசி வைத்துக்கொள்வார். ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிடும். கொறடாவின் புத்தகத்தில் இரண்டு பெயர் ஏறும், அவ்வளவுதான். வார்த்தையை மீறினால் எந்தச் சட்டமும் கேட்காது. ஆனால் மீறியவரோடு அப்புறம் எவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து டீ குடிக்க மாட்டார்கள்.

ஏமஸுக்கு ஐந்து வருஷமாக ஒரு ஜோடி அமைந்ததில்லை. தொழிற்கட்சியில் யாரும் இவருக்கும் இவர் வகையறாவுக்கும் ஜோடி கொடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு. அதைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கியவர் ஜேபஸ் ஆர்மரட். ஏமஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று, மோதிரத்தைத் தொலைத்துவிட்டு, பிறகு தன் பூட்ஸுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த அதே ஜேபஸ்.

மூன்று பேரும் ஒரே தறிக்கூடத்தில் பதின்மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஏமஸ், ஜேபஸ், தெர்சா. எண்ணூறு தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் காது எதற்கும் உதவாது. லங்காஷயர் நெசவாளிகள் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவள் என்ன குழம்பு வைத்தாள் என்பதை இந்தக் கோடியிலிருந்து படித்துவிடலாம். ஜேபஸ் இந்த வித்தையை நாடாளுமன்றத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். ஐந்து வருஷமாக தினமும் சபை கூடியதும் எதிர் வரிசையிலிருந்து ஏமஸை நேராகப் பார்த்து, சத்தமில்லாமல், நிதானமாக, 'துரோகி' என்பார். சபாநாயகருக்குக் கேட்காது, குறிப்பில் ஏறாது. ஏமஸுக்கு மட்டும் ஒவ்வொரு எழுத்தும் வந்து சேரும். ஏமஸ் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

அந்தப் பகல் ஏமஸ் நான்கு பேரிடம் போய் நின்றார். ஒருவர் "மன்னிக்கணும்" என்றார். ஒருவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். மூன்றாமவர், "உங்க புது சொந்தக்காரங்ககிட்ட கேளுங்களேன்" என்றார். நான்காமவர் இளகிய மனசுக்காரர், தந்தியைப் படித்துவிட்டுக் கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடே முடியாது என்று தலையாட்டினார்.

ஒரு மணி ஆகிவிட்டது. உறுப்பினர்கள் தபால் வாங்க வருகிற கூடத்தில் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஏமஸ் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். நிமிர்ந்தபோது, எதிர்ச்சுவர் ஓரம், இருபது தலைகளுக்கு அப்பால், ஜேபஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. வழக்கமான வார்த்தை இல்லை.

"தந்தியா?"

ஏமஸ் தலையசைத்தார்.

"தெர்சாவுக்கா?"

"ஆமா. கட்டி. இன்னிக்கு சாயங்காலம் அறுக்கறாங்க."

"அப்புறம் இங்க ஏன்டா தூணுக்கு முட்டுக் குடுத்துட்டு நிக்கற, மடையா?"

"ஜோடி வேணுமாம். உங்க ஆளுங்க நாலு பேரைக் கேட்டுட்டேன்."

"குடுக்க மாட்டானுங்க. நான்தான் குடுக்கக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன்."

"தெரியும்."

நடுவில் யார் யாரோ போனார்கள் வந்தார்கள். ஒரு பிரபு இருமினார். யாருக்கும் தெரியாமல் இரண்டு கிழவர்கள் ஐந்து வருஷத்துக்குப் பிறகு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஜோடி கிடைக்கலேன்னா என்ன செய்வ?" என்று கேட்டார் ஜேபஸ்.

இங்கேதான் ஒரு சாமர்த்தியசாலி பொய் சொல்லியிருப்பான். 'இங்கேயே இருந்து ஓட்டுப் போடுவேன்' என்று சொன்னால், ஜோடி கொடுப்பதால் ஜேபஸின் கட்சிக்கு எந்த நஷ்டமும் இல்லை, ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். ஆனால் உதட்டால் பேசும்போது பொய் வராது. குரல் இல்லாத இடத்தில் முகம் முழுக்க வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"போயிடுவேன்" என்றார் ஏமஸ். "எப்படியும் ரெண்டு மணி ரயில்ல ஏறிடுவேன். சீட்டு போனா போகட்டும்."

சொல்லிவிட்டுத்தான் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது அவருக்கு உறைத்தது. இனி ஜேபஸ் சும்மா நின்றாலே போதும். அரசாங்கத்துக்கு ஓர் ஓட்டு இலவசமாகக் குறையும். அடுத்த தேர்தலில் துரோகியின் தொகுதியும் மடியில் வந்து விழும்.

ஜேபஸ் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

"சீட்டு போனா, தன்னாலதான் போச்சுன்னு அவ நினைப்பா."

"நான் சொல்ல மாட்டேன்."

"நீ? அவகிட்ட? உன் மூஞ்சி தபால் கார்டு மாதிரி, மேலேயே எல்லாம் எழுதியிருக்கும். சாகற வரைக்கும் அவ அதைச் சுமப்பா."

"வேண்டாம் ஜேபஸ். இன்னிக்கு ஓட்டு உனக்கு முக்கியம். உன் ஊருல எத்தனை வீட்டுல..."

"என் ஊரைப் பத்தி நீ பேசாத."

ஜேபஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். ஏமஸைத் தாண்டிப் போகும்போது முகத்தைக்கூடத் திருப்பவில்லை. நேராகக் கேப்டன் பெவரிலின் மேசைக்கு முன் போய் நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"என் பேரை எழுதுங்க. விட்டேக்கருக்கு ஜோடி நான்."

கேப்டன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மிஸ்டர் ஆர்மரட், நீங்களா?"

"எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க கேப்டன். இந்த ஆளோட சேத்து என் பேரை எழுதற பாக்கியம் உங்களுக்கு இன்னொரு தடவை கிடைக்காது."

ஏமஸ் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். ஜேபஸ் அதற்குள் முதுகைக் காட்டிவிட்டார். முதுகோடு உதட்டால் பேச முடியாது.

ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு ஆஸ்பத்திரி. ஆபரேஷன் அறைக்குள் விடமாட்டோம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அந்தப் பக்கம் வெள்ளைத் துணிக்குள் தெர்சா, தலையை மட்டும் திருப்பி, கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமஸின் முகம் அதில் வந்ததும் அவள் உதடு அசைந்தது.

"வந்துட்டியா, கிழவா."

"வந்துட்டேன்."

"சாப்பிட்டியா?"

"ரயில்ல சாப்பிட்டேன்."

"பொய்" என்றாள். சிரித்தாள். சிரித்த வாயின் மேலேயே மயக்க மருந்து மூடியை வைத்தார்கள்.

இரண்டு மணி நேரம் ஏமஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏழரை மணி வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது. டாக்டர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "உங்க சம்சாரம் பிடிவாதக்காரி போலிருக்கே" என்றார். "அப்படிப்பட்டவங்கதான் பிழைச்சுக்குவாங்க." ஏமஸ் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார், டாக்டராகக் கையை உருவிக்கொள்ளும்வரை.

மறுநாள் காலைப் பேப்பரில் தலைப்பு பெரிதாக இருந்தது. உதவித்தொகை விதியை எடுத்துவிட ஆதரவு நூற்று நாற்பத்திரண்டு, எதிர்ப்பு நூற்று நாற்பத்திரண்டு. சமமாக வந்தால் இருக்கிற விதி இருந்தபடியே இருக்கட்டும் என்று சபாநாயகர் ஓட்டுப் போடுவது மரபு. அப்படியே போட்டார். அரசாங்கம் தப்பித்தது.

விதி என்னவென்றால் இதுதான். வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற அப்பனுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகையில், அதே வீட்டில் இருந்து சம்பாதிக்கிற மகளின் கூலியைக் கழித்துக்கொள்வார்கள். ஜேபஸின் ஊரான ஸ்கார்கிராஃப்டில் பாதி மில் மூடிக் கிடந்தது. அப்பனுக்கு நாலு காசு குறையாமல் கிடைக்கட்டும் என்று மகள்கள் வீட்டை விட்டு வெளியேறி, இரண்டு தெரு தள்ளி யார் வீட்டிலோ வாடகைக்குக் கட்டில் பிடித்துப் படுத்தார்கள். அந்த விதியை எடுத்துவிட ஜேபஸ் இரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியிருந்தார். எடுத்துவிடுகிற நாள் வந்தது. ஓர் ஓட்டுக் குறைந்தது. பேப்பரில், ஓட்டுப் போட வராதவர்கள் பட்டியலில் ஆர்மரட் என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் ஜோடி என்றெல்லாம் போட மாட்டார்கள்.

வாக்கெடுப்பு நடந்த மாலையில் என்ன ஆனது என்று கேப்டன் பெவரில் பிற்பாடு ஏமஸுக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தச் சபையில் ஓட்டுப் போடுவது என்றால் ஆதரவுக்கு ஒரு கதவு, எதிர்ப்புக்கு ஒரு கதவு வழியாக நடந்து போவது. வாக்கெடுப்பு மணி அடித்தபோது ஜேபஸ் டீ அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் கட்சிக்காரர்கள் ஓடி வந்தார்கள். எண்ணிக்கை இழுபறி, எழுந்து வா என்றார்கள். ஒருவர் கோட்டைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்தது. விட்டேக்கர் ஊரிலேயே இல்லையே, எவன் கேட்கப் போகிறான் என்றார்கள். 'கேட்க ஆள் இருந்தா அது வார்த்தை இல்ல, ஜாமீன்' என்றாராம் ஜேபஸ். அந்தக் கதவுகளைச் சாத்துகிற சத்தம் கேட்கும்வரை நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாராம்.

நான்காம் நாள் தெர்சா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான். "யாரு ஜோடி குடுத்தது?"

"ஜேபஸ்."

அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தச் சண்டையில் அவள் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஒவ்வொரு நவம்பரும் இஞ்சி கேக் சுட்டு ஜேபஸுக்குப் பார்சல் அனுப்புவாள். ஏமஸ் அதைப் பார்க்காதவர் மாதிரி பேப்பர் படிப்பார். பார்சல் ஒருமுறையும் திரும்பி வந்ததில்லை.

"அந்த முரட்டுக் கழுதை" என்றாள் சுவரைப் பார்த்தே. தோள் குலுங்கியது. "என்னை அழ வைக்காத ஏமஸ், தையல் பிரிஞ்சுடும்."

மார்ச் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் ஸ்கார்கிராஃப்ட் நெசவாளர் மன்றத்தில் கூட்டம் என்று தெரிய வந்தது. ஆர்மரட்டை அடுத்த தேர்தலுக்கு நிறுத்துவதில்லை என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். ஏமஸ் தானே போய்ப் பேசுகிறேன் என்றார். தெர்சா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ போய் நின்னா அவனை அங்கேயே புதைச்சுடுவாங்க. நான் போறேன். நீ தலையணையைத் தூக்கிக்கிட்டு வா."

டிராமில் போனார்கள். மன்றம் நிரம்பி வழிந்தது, இருநூறு பேராவது இருப்பார்கள். ஏமஸ் பின்கதவை ஒட்டித் தலையணையோடு நின்றார். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள், அவரைச் சுற்றி ஒரு முழம் இடம் காலியானது. மேடையில் தலைவர் நாற்காலியில் மிஸஸ் கிளெக். எந்தத் தறியையும் எந்த மனிதனையும் ஒரே பார்வையில் நிறுத்துகிற அம்மாள். பக்கத்தில் ஜேபஸ், கையைக் கட்டிக்கொண்டு. கோட்டில் அந்தப் பொத்தான் இன்னும் தைக்கப்படவில்லை.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சேத் நட்டல். நெட்டை மனிதர், வேலை போய் மூன்று வருஷம். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "என் மக லெட்டி ரெண்டு தெரு தள்ளி இருக்கா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துட்டுப் போறா. அதிகாரி பாத்துடப் போறான்னு பின்வாசல் வழியா வரா, சொந்த வீட்டுக்குத் திருட்டுத்தனமா. ஒரு ஓட்டு. ஒரே ஒரு ஓட்டுதான் வேண்டியிருந்துச்சு. அதை நாம இவர்கிட்டக் குடுத்து அனுப்பியிருந்தோம். இவர் அதை யாருக்குத் தூக்கிக் குடுத்தாரு? அந்த ஆளுக்கு!"

இருநூறு தலையும் பின்கதவுப் பக்கம் திரும்பின. ஏமஸ் தலையணையை மார்போடு பிடித்துக்கொண்டார். ஒளிந்துகொள்ளப் போதுமான அகலம் அதற்கு இல்லை.

தெர்சா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். "தலைவரம்மா, நான் பேசணும்."

"உறுப்பினர் மட்டும்தான் பேசலாம் தெர்சா" என்றார் மிஸஸ் கிளெக். நாற்பது வருஷம் முன்னால் இருவருக்கும் அடுத்தடுத்த தறி. விதி விதிதான்.

தெர்சா கைப்பையிலிருந்து பழுப்பேறிய சங்க அட்டையை எடுத்து நீட்டினாள். மிஸஸ் கிளெக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதின்மூன்று வயதிலிருந்து ஒரு வாரச் சந்தாகூட விடுபடவில்லை. புருஷனைச் சங்கம் வெளியே தள்ளிய பிறகும் ஐந்து வருஷம் வாராவாரம் போய்க் கட்டியிருந்தாள். ஏமஸுக்கு இது தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் நூல் வாங்கப் போகிறேன் என்பாள்.

"சரியா இருக்கு" என்றார் மிஸஸ் கிளெக். "பேசு."

"சேத் ஒரு ஓட்டைத் தேடறாரு" என்றாள் தெர்சா. "எங்க போச்சுன்னு கேக்கறாரு. அது எங்கேயும் போகல. இங்கதான் நிக்குது. நான்தான் அது. நல்லா பாத்துக்குங்க."

தெர்சா கைத்தடியை மறுகைக்கு மாற்றி ஊன்றினாள்.

"பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. கெட்டிலைத் தூக்க முடியல, படி ஏறினா மூச்சு வாங்குது. இதுக்கா குடுத்தோம்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுது. நான் பிழைச்சது லெட்டி வீட்டை விட்டு இருக்கிறதுக்கு ஈடான்னு கேட்டா, என்கிட்ட பதில் இல்ல. நான் கேக்கவும் இல்ல, உங்களை யாரும் கேக்கவும் இல்ல. ஆனா ஜேபஸ் மட்டும் குடுக்கல, இந்த மன்றத்துல இருக்கிற ஒவ்வொருத்தரும் எனக்காகக் குடுத்திருக்கீங்க. கண்ணை மூடறப்போ என் புருஷன் முகம் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கு நான் உங்க எல்லாருக்கும் நன்றி சொல்லணும்னு வந்தேன். ஜேபஸை வச்சுக்கிறதும் தள்ளறதும் உங்க இஷ்டம்."

"உன் நன்றியை வச்சு என் மகளை வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியுமா?" என்றார் சேத்.

"முடியாது" என்றாள் தெர்சா.

சேத் அவளையே பார்த்தார். அவள் முழு பாரத்தையும் தடியில் போட்டு நிற்பதையும் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பின்னால் போட்டார். "உக்காரு முதல்ல" என்றார்.

ஏமஸ் மேடையைப் பார்த்தார். ஜேபஸ் கையை அவிழ்த்துவிட்டு எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை ஒருதரம் இறங்கி, பின்கதவில் வந்து நின்றது. அந்த ஒரு நொடிக்குத்தான் ஏமஸ் ஒன்றரை மாதமாகக் காத்திருந்தார். சத்தமில்லாமல் உதட்டை அசைத்து, கூடத்தில் அன்று சொல்ல முடியாமல் போனதைச் சொன்னார்.

"நன்றிடா ஜேபஸ். உனக்கு நான் எதுவும் திருப்பித் தர முடியாது. நன்றி."

லண்டன் பழக்கத்தில் மறந்துபோனார். அங்கே ஜேபஸைத் தவிர யாருக்கும் இந்தப் பாஷை தெரியாது. இங்கே மேடையில் ஜேபஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நாற்பது வருஷத் தறிக்காரி.

மிஸஸ் கிளெக் சுத்தியலால் மேசையைத் தட்டினார். "பின்னாடி நிக்கிறவர் தலைமை அனுமதி இல்லாம பேசினாரு."

"அவன் உறுப்பினரே இல்லியே, எப்படிப் பேசலாம்?" என்று ஒரு குரல்.

"ஏற்கெனவே பேசிட்டாரு. பேசினது குறிப்புல ஏறணும். சத்தமா சொல்லுங்க மிஸ்டர் விட்டேக்கர்."

மறுபடி இருநூறு முகம் திரும்பியது. இவர் விட்டுவிட்டுப் போன முகங்கள். ஐந்து வருஷமாக இவர் எந்தத் தெருவில் பார்த்தாலும் எதிர்ப்பக்கம் போய் நடந்த முகங்கள். சபையில் மணிக்கணக்காகப் பேசிய மனிதர், ஒரு தலையணையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நன்றின்னு சொன்னேன்" என்றார் கடைசியில். "அவனுக்கு. உங்களுக்கும். அன்னிக்கு மட்டும் இல்ல, நான் போனதுலேருந்தே என் பொண்டாட்டியை நீங்க யாரும் தள்ளி வைக்கல. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவகிட்ட சந்தா வாங்கியிருக்கீங்க. இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்." தலையணையை அக்குளுக்கு மாற்றிக்கொண்டார். "நான் திரும்பி வந்து சேத்துக்கங்கன்னு கேக்கல. இந்த விதி மறுபடி சபைக்கு வரும். அன்னிக்கு நான் உங்க கதவு வழியாப் போவேன். சீட்டு போகட்டும். அவ்வளவுதான்."

யாரும் கை தட்டவில்லை. மிஸஸ் கிளெக் குறித்துக்கொண்டார். பிறகு தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டார். ஜேபஸைத் தள்ள வேண்டும் என்று உயர்ந்த கைகள் ஐம்பத்தொன்று. வைத்துக்கொள்ள வேண்டும் என்றவை மற்ற எல்லாம். சேத் நட்டல் தன் தீர்மானத்துக்குக் கடைசிவரை கையை உயர்த்தியே வைத்திருந்தார். எண்ணி முடிந்ததும் அதே கையால் தெர்சாவுக்கு ஒரு கப் டீ கொண்டுவந்து கொடுத்தார். அவர் அப்படித்தான்.

ஜேபஸ் மேடையிலிருந்து இறங்கிப் பக்கவாசல் வழியாகப் போய்விட்டார். ஏமஸோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டிராமில் ஏமஸ் அதை நினைத்து மூக்கை உறிஞ்சியபோது, "பேசுவான்" என்றாள் தெர்சா. "அவன் வாசலைத் தாண்டறதுக்குள்ள, பொத்தான் தைக்க அவன் கோட்டைக் கழட்டி வாங்கி வச்சுட்டேன். திங்கட்கிழமை நீதான் கொண்டுபோய்க் குடுக்கணும்."

திங்கட்கிழமை மத்தியானம் சபை கூடியது. ஏமஸ் தன் இடத்தில் உட்கார்ந்தார், காலடியில் காகிதத்தில் சுற்றிய கோட்டு. பிரார்த்தனை முடிந்ததும் ஜேபஸ் எதிர் வரிசையிலிருந்து வழக்கம்போல நேராகப் பார்த்தார். வழக்கம்போல உதட்டை அசைத்தார்.

"துரோகி."

ஐந்து வருஷத்தில் முதல்தடவையாக ஏமஸ் பதில் சொன்னார்.

"சாப்பிட்டியா?"

ஜேபஸ் திடுக்கிட்டு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அமைச்சர் ஏதோ கேள்விக்குப் பதில் படித்துக்கொண்டிருந்தார். கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இல்ல" என்றது அவர் உதடு. "எழுந்து வா."